நவமணி செய்த புலி

நவமணி அந்தப் புலியைப் பார்த்தது ஒரு புதன்கிழமை காலை, ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது, பனி கலையாமல் இன்னும் இருட்டாகவே இருந்தது. செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் பாதையில், சேற்றுக்குப் பயந்து மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள்.

ஈப்போவுக்கு அருகே, கோப்பெங்குக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடம் அது. பால்மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய்க்குச் செம்பனை நட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னக் குடியிருப்பான தாமானில் அவள் குடும்பத்தோடு குடியிருந்தாள். கணவன் சுகுமாரன் லோரி ஓட்டுகிறவன். மகள் ஷர்மினி இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். நவமணிக்கு வேலை குனோங் ராபாட்டில் ஒரு திரைச்சீலைக் கடையில். தையல் வேலை. தோட்டத்துக் குறுக்குப் பாதையில் போனால் கால் மணி நேரம் மிச்சம். பதினோரு வருடமாக அவளுக்கு அதே பாதைதான்.

வளைவில் ஏதோ நின்றது. செம்பனைக்குக் கீழே மேய விடுகிற மாடு என்று நினைத்து ஹாரனை அழுத்தினாள். அது நகர்ந்தது. நகர்ந்தபோது தோள்பட்டை எலும்பு தோலுக்கு அடியில் ஏறி இறங்கியது. எந்த மாட்டுக்கும் தோள் அப்படி அசையாது.

வண்டி தானாக அணைந்துபோனது. புலிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு லோரி நீளம்கூட இருக்காது. அது அவளை நோக்கி நான்கைந்து எட்டு வைத்தது. ஒரு வாடை வந்தது, நாள்பட்ட மீன் மாதிரி. நவமணி அதன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் பாய்ந்துவிடும் என்று எங்கோ கேட்டது ஞாபகம் வந்து, பார்வையை அதன் தோளிலேயே வைத்திருந்தாள். அந்தத் தோள் பெருத்துக்கொண்டே வந்தது. தூரத்தில் எங்கோ டிராக்டர் சத்தம் கேட்டதும் நின்றது. பிறகு வடிகாலைத் தாண்டி மரங்களுக்குள் போய்விட்டது. தாண்டும்போது எதிலோ இடறியதுபோல் தடுமாறியது. அது ஏன் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. கால்சட்டை நனைந்திருந்ததைக்கூட வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தாள்.

யாரும் நம்பவில்லை. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் கோப்பெங் பக்கம் சாலையில் புலி நிற்பதாக ஒரு படம் எல்லோருடைய கைப்பேசியிலும் சுற்றியது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல்கூட இருந்தார்கள். கடைசியில் அது கம்ப்யூட்டரில் செய்த பொய்ப் படம் என்று தெரிந்தது. அந்த ஏமாற்றத்தில் இருந்தவர்களிடம் நவமணி போய்ப் புலி என்று சொன்னாள்.

"படம் எடுத்தீங்களா?" என்று தோட்ட ஆபீஸில் கேட்டார்கள்.

கடையில் தைக்கிற பெண்கள், "அக்காவுக்கும் ஏஐ புலி வந்துருச்சுலா" என்று சிரித்தார்கள். சுகுமாரன் சிரிக்கவில்லை, ஆனால், "இருட்டுல பெரிய நாயா இருக்கலாம் மணி" என்றான். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அவள் தம்பி சீனி. கோப்பெங்கில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறவன், அவள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளிக் குடியிருக்கிறான். "புலி உன்ன பாத்து பயந்து ஓடியிருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்து போனான்.

பயம் அவளோடு தங்கிவிட்டது. கொல்லையில் துணி எடுக்கப் போகமாட்டாள். காலையில் சுகுமாரன் லோரியில் பெரிய சாலைவரை கொண்டுபோய் விட வேண்டும், அங்கிருந்து பஸ். ஷர்மினி பள்ளி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் கையில் குடையை இறுக்கிப் பிடித்தபடி அவளும் நிற்பாள். "ஏம்மா, குடையால புலிய அடிப்பீங்களா?" என்று மகள் கேட்டாள். நவமணிக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டு மங்களம் அக்கா மூன்று நாய் வளர்த்தாள். இரண்டாவது வாரத்தில் ஒன்றைக் காணவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாவது நாய் வீட்டுக்குள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு வெளியே வர மறுத்தது.

"பொட்ட நாய தேடிப் போயிருக்கும்" என்றாள் மங்களம். அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நவமணி ஈப்போவுக்குப் போவாள். பழைய டவுனில் முகமது இப்ராஹிம் என்பவரின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அதன் மாடியில் அவர் மகள் ஆஃப்ஷீன் ஓவிய வகுப்பு நடத்தினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த மாடிக்குத் திரைச்சீலை மாட்டப் போன நவமணி, அங்கே பலர் தரையில் உட்கார்ந்து காகிதத்தையும் துணியையும் கிழித்து ஒட்டுவதைப் பார்த்து, வேலை முடிந்தும் போகாமல் நின்றாள். அடுத்த வாரம் ஒரு பை நிறைய வெட்டுத் துணியோடு வந்துவிட்டாள். அவளுக்குக் கோடு போட்டு வரைய வராது. ஆனால் எந்தத் துணி எப்படி மடியும், எது நீர் பட்டால் சுருங்கும் என்று தெரியும். மிருகங்கள்தான் செய்வாள். சைக்கிள் டியூபை வெட்டி ஓர் எருமை செய்தாள், அது சேற்றிலிருந்து எழுந்ததுபோல இருந்தது. தேய்ந்த கால்மிதியைப் பிரித்து ஓர் ஆடு. லைனிங் துணியிலும் கோழி இறகிலும் ஒரு கொக்கு. ஆஃப்ஷீனின் வகுப்பில் ஒரே கட்டுப்பாடு, கைப்பேசிப் படத்தைப் பார்த்துச் செய்யக்கூடாது.

புலியைச் செய்தால் பயம் போய்விடும் என்று நவமணிக்குத் தோன்றியது. முதல் ஞாயிறு மஞ்சள் வெல்வெட்டை அளவாக வெட்டினாள். கறுப்புக் கோடுகளைத் தைத்து ஒட்டினாள். எழுந்து நின்று பார்த்தால், கோயில் சுவரில் அம்மனைச் சுமக்கிற புலி மாதிரி கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டு இருந்தது.

"இது இல்லலா" என்று அதைப் பிய்த்துப் போட்டாள்.

ஆஃப்ஷீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "முழுப் புலியும் வேணாங்க்கா. உங்க கண்ணுக்கு முதல்ல தெரிஞ்சது எது?"

"தோளு."

"அப்ப அங்கிருந்தே ஆரம்பிங்க. மத்தது வந்தா வரட்டும், வராட்டி விட்டுருங்க."

கழற்றிப் போட்டிருந்த பழைய பலகைக் கதவு ஒன்றைத் தரையில் கிடத்திக் கொடுத்தாள். வெயிலை மறைக்கத் தைக்கிற கனமான கறுப்புத் துணியைப் பசையில் முக்கி, நவமணி அதை இரண்டு கையாலும் கசக்கிப் பலகைமேல் தள்ளினாள். மடிப்புகள் எலும்புபோல எழும்பி நின்றன. காய்ந்த பிறகு அதன்மேல் நாளிதழைக் கிழித்துக் கிழித்து ஒட்டி, கெட்டித் தேயிலைச் சாயம் பூசினாள். கோடுகளை அவள் வரையவில்லை. காகிதம் சேராமல் விட்ட இடைவெளிகளில் அடியில் இருந்த கறுப்பு தானாகத் தெரிந்தது. பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஓரத்திலிருந்து அள்ளி வந்த வெள்ளை மணலைச் சலித்துத் தூவினாள், அன்றைய காலைப் பனிக்காக. கரிக்கட்டியைப் பிடித்தபோது கை நடுங்கியது. கோடு கோணலாகப் போனது. அழிக்கப் போனவளை ஆஃப்ஷீன் தடுத்துவிட்டாள். "அந்த நடுக்கம் அப்படியே இருக்கட்டும்க்கா."

வாடையையும் கொண்டுவரப் பார்த்தாள். நெத்திலி ஊறவைத்த தண்ணீரில் தேங்காய் நாரை நனைத்து ஒட்டினாள். வகுப்பில் ஒருவராலும் உட்கார முடியவில்லை. கீழேயிருந்து இப்ராஹிம் படியேறி வந்து, "என்னம்மா, எலி செத்துக் கெடக்கா?" என்று கேட்டார். அதைப் பிய்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பூஞ்சை பிடித்த லைனிங் துணியை வைத்தாள். பார்த்தாலே மூக்கைச் சுளிக்க வைத்தது.

பயம் போகவில்லை, கூடியது. மூன்றாவது ஞாயிறு, தோளின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தும்போது சாயத்தில் மறுபடி ஈரமான துணி அடியில் மெல்ல அமுங்கி எழுந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் வேலை செய்தாள். தலையைச் செய்யவில்லை. தோளுக்கு மேலே பலகை முடிந்துவிட்டது. பார்க்கிறவர் கண்ணெதிரே ஒரு பெரிய தோள் மட்டும், மிகக் கிட்டத்தில்.

நான்காவது ஞாயிறு பாதத்துக்கு வந்தாள். எப்படி ஒட்டினாலும் சரியாக வரவில்லை. ஏதோ ஒரு பாரம் குறைந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவள், திடீரென்று தரையில் கையையும் முழங்காலையும் ஊன்றி அதைப்போல நடந்து பார்த்தாள். வகுப்பில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வலது கை, பிறகு இடது கை. இடது கையைத் தரையில் வைக்கப் பிடிக்கவில்லை. அவள் உடம்புக்கே அது தெரிந்திருந்தது. பாதி வைத்து எடுக்க வேண்டும். எடுக்கும்போது ஏதோ கூடவே இழுபட வேண்டும்.

எழுந்து கம்பி கேட்டாள். படம் மாட்டுகிற கம்பியை வாங்கிப் பாதத்தைச் சுற்றி இறுக்கினாள். நுனியை மடித்து முறுக்கினாள். கழிவுப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, மீன்தொட்டிக் குழாயில் ஒரு விரற்கடை எடுத்து முறுக்கின்மேல் செருகினாள்.

"அது என்னக்கா, நீலமா?" என்று கேட்டாள் ஆஃப்ஷீன்.

நவமணி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியின் நுனியை மடித்து, முறுக்கி, கையைக் குத்தாமல் இருக்க நீலக் குழாய்த் துண்டைச் செருகுவது ஒருவனுடைய பழக்கம். அவள் வீட்டுத் துணிக்கொடி அப்படித்தான் கட்டியிருந்தது. கொல்லைக் கதவின் கொக்கியும் அப்படித்தான். இரண்டையும் கட்டிக்கொடுத்தவன் சீனி. அன்று காலை வடிகாலைத் தாண்டிய அந்தக் காலில் அதே நீலத்தை அவள் கண் பார்த்திருந்தது.

அன்று மாலையே தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி பிரமிளா உள்ளே பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். முன்வாசலில் ஒரு வண்டிக்குப் பக்கத்தில் சீனி குந்தியிருந்தான்.

"சீனி, தோட்டத்துக்குள்ள சுருக்குக் கம்பி வச்சியா?"

திருகிக்கொண்டிருந்த கை நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. புலி கால்ல பாத்தேன்."

அவன் தெருவைப் பார்த்தான். வீட்டுக்குள் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பன்னிக்கு வச்சதுக்கா. கிளட்ச் கம்பிதான். ஒன்ன மட்டும் காணோம். கட்டையோட புடுங்கிக்கிட்டுப் போயிருக்கு. பக்கத்து மரத்துல நகத்தால கீறி வச்சிருக்கு, இந்த உசரத்துக்கு." தலைக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டினான். "அன்னிலேருந்து நான் உள்ளயே போகல."

"தெரிஞ்சுகிட்டேதான் என்ன பாத்து சிரிச்சியா?"

"வேற என்னா பண்ண சொல்ற?"

"மிச்சம் எத்தன இருக்கு?"

"பத்து. பதினொன்னு இருக்கலாம்."

"பெர்ஹிலித்தானுக்கு போன் போடணும்டா. அடிபட்ட மிருகம். ஓடிப் பிடிக்க முடியாது அதுக்கு. நாயத் தின்னுது. அடுத்தது என்ன?"

"வனவிலங்குக்காரன் வந்தா மொதல்ல என்னத்தான் தூக்குவான். புலி கேசுலா இது. உள்ள போனா எப்ப வருவேன்னு யாருக்குத் தெரியும்?" அவன் உள்ளே கையைக் காட்டினான். "அதுங்கள யாரு பாப்பா?"

நவமணி திரும்பி வந்துவிட்டாள். திங்கள் போன் செய்யவில்லை. செவ்வாயும் செய்யவில்லை. முன்பு அவளுக்குப் புலியிடம் மட்டும் பயம். இப்போது போனைப் பார்த்தால் பயம், தம்பி வீட்டு விளக்கைப் பார்த்தால் பயம், பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளை எண்ணும்போது பயம். சுகுமாரனிடமும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். அந்த வாரம் கடையில் ஒரு திரைச்சீலையைத் தலைகீழாகத் தைத்து வைத்தாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மதியம் இரண்டரை மணிக்கு வீட்டில் இருந்தபோது போன் வந்தது. மங்களம் அக்கா. குரல் காற்றுபோல இருந்தது.

"மணி, முனியாண்டி கோயில்ல இருக்கேன். வெளக்கு கழுவ வந்தேன். வெளிய படுத்திருக்கு."

"என்னாது படுத்திருக்கு?"

"கதவ சாத்திட்டேன். சத்தம் போட பயமா இருக்குடி."

முனியாண்டி கோயில் தோட்டத்துக்குள்ளே, தாமானிலிருந்து முக்கால் மைல். ஆள் நிற்க மட்டும் இடமுள்ள சின்ன அறை. கம்பிக் கதவு. நவமணி சுகுமாரனை எழுப்பினாள். லோரியைக் கிளப்பச் சொல்லிவிட்டு நேராகச் சீனி வீட்டுக்கு ஓடினாள்.

"நீயும் வா."

"நான் எதுக்கு?"

"வந்து லோரில ஏறு சீனி."

அவள் குரலில் என்ன கேட்டானோ, ஏறிவிட்டான். மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்கள். கோயில் திருப்பத்தில் சுகுமாரன் பிரேக் போட்டான்.

சூலத்துக்குப் பக்கத்தில், நிழலில் அது படுத்திருந்தது. கதவுக்கும் அதற்கும் ஏழெட்டு அடி. விலா எலும்புகள் தெரிந்தன. லோரியைப் பார்த்து எழப் பார்த்தது. முன்னங்கால் இடம் கொடுக்கவில்லை, திரும்பவும் உட்கார்ந்தது. அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே கறுத்து வீங்கியிருந்தது. கம்பி சதைக்குள் புதைந்துபோய், கட்டை கழன்ற நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நுனியில் நீலம். கம்பிக் கதவுக்குப் பின்னால் மங்களத்தின் புடவை தெரிந்தது. அசையவே இல்லை.

சுகுமாரன் ஹாரனுக்குக் கையைக் கொண்டுபோனான்.

"அடிக்காதீங்க. கதவுப் பக்கம் பாஞ்சிரும்." நவமணி போனை எடுத்தாள். வனவிலங்கு இலாகாவின் எண்ணைத் தேடி அழைத்தாள். மலாயில் இடத்தைச் சொன்னாள். உள்ளே ஒருத்தி மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்றாள். புலியின் காலில் சுருக்குக் கம்பி இருக்கிறது என்றாள். எதிர்முனையில் இருந்தவர் கேட்டார்: பக்கத்தில் வேறு கம்பிகள் இருக்கின்றனவா, எங்கள் ஆட்கள் நடக்க வேண்டும், யார் வைத்தது என்று தெரியுமா?

அவள் சீனியைப் பார்த்தாள். அவன் கண்ணாடி வழியே அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடெக் சாயா" என்றாள். என் தம்பி. "இங்கதான் இருக்கான். எங்கெங்க வச்சிருக்கான்னு காட்டுவான்." அதையும் மலாயில் சொன்னாள்.

சீனி போனைப் பிடுங்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

அவர்கள் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. புலி மூச்சு விடுவது லோரிக்குள் கேட்டது, அல்லது கேட்டதாக அவளுக்குத் தோன்றியது. இரண்டு முறை அது தலையைத் திருப்பிக் கோயில் கதவைப் பார்த்தது. அந்த இரண்டு முறையும் நவமணி மூச்சை நிறுத்திக்கொண்டாள்.

வந்தவர்கள் வண்டிக்குள்ளிருந்தே மயக்க ஊசி சுட்டார்கள். முதல் ஊசி தவறியது. அது உறுமிய உறுமலில் நவமணியின் பற்கள் கிட்டித்துக்கொண்டன. இரண்டாவது ஊசி பட்ட பிறகு அது தலையைப் புல்லில் வைக்க வெகுநேரம் ஆனது. மங்களத்தை வெளியே தூக்கிக்கொண்டு வந்தபோது, அவள் கையில் இன்னும் கழுவாத விளக்கு இருந்தது. விரல்களைப் பிரித்து அதை எடுக்க வேண்டியிருந்தது.

சீனி லோரியிலிருந்து இறங்கி, அதிகாரிகளுக்கு முன்னால் நடந்தான். பொழுது சாய்வதற்குள் ஒன்பது கம்பிகளை எடுத்தார்கள். மறுநாள் காலை இன்னும் மூன்று. பதினொன்று என்றுதான் அவன் கணக்கில் இருந்தது, பன்னிரண்டாவது அவன் வைத்ததே மறந்துபோன ஒன்று. பிறகு அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான்காம் நாள் ஜாமீனில் வந்தான். வழக்கு நடக்கிறது. பிரமிளா நவமணியோடு பேசுவதில்லை. வழியில் பார்த்தால் பிள்ளைகளை இழுத்து அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். புலியின் காலை மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிறது, காட்டுக்குத் திரும்பாது என்று ஓர் அதிகாரி போனில் சொன்னார். நவமணி அன்று வேலைக்குப் போகவில்லை.

பலகையை முடிக்க வேண்டுமா என்று ஆஃப்ஷீன் கேட்டாள். முடித்தாள். கம்பியையும் நீலத் துண்டையும் எடுக்கவில்லை. வகுப்பில் செய்தவற்றை ஆஃப்ஷீன் இரண்டு வாரம் மாடியில் மாட்டி வைத்தாள். பார்க்க வந்தவர்கள் எருமையைத் தொட்டுப் பார்த்தார்கள், கொக்கின் இறகை ஊதிப் பார்த்தார்கள். தோளுக்கு முன்னால் மட்டும் ஓர் எட்டுப் பின்வாங்கினார்கள். மங்களம் அக்கா பார்க்க வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "அதுதான்" என்றாள். உள்ளே வரவில்லை. ஷர்மினி முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படிப் பிடித்தது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

பயம் போய்விட்டதா என்று அவளைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வாள். மோட்டார் சைக்கிளைத் திரும்ப எடுத்துவிட்டாள், ஆனால் சுற்றுப் பாதையில் போகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சீனி வந்தான். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவன் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தது அதுவே முதல் தடவை. உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் படியில் நின்றான்.

"வியாழக்கெழம கோர்ட்டு. காலையில ஒன்பது மணிக்கு."

"சாப்டியா?"

"பிரமிளா வர மாட்டேங்குறா. தனியா போக ஒரு மாதிரியா இருக்கு." அவன் தெருவைப் பார்த்தபடி நின்றான். "பயமா இருக்குக்கா."

"ஏழு மணிக்கு வாரேன்" என்றாள் நவமணி. "சட்டைய இஸ்திரி போட்டு வச்சுக்க."